பின்னாலிருந்து படித்த அம்மா

ஜூலை 7

பாப்புவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். டுடோரியல் விடுதி வார்டன் எடுத்து, "உங்க பொண்ணு வரமாட்டேங்குறா, தலைவலியாம்" என்றார். உனக்குத் தலைவலி வந்தால் ஊரைக் கூட்டுவாய் என்று எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு வருகிற தலைவலி உன் பரம்பரையிலேயே கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். ஃபோன் என்றால் வரமாட்டேன் என்று சொல்லலாம். கடிதத்தைக் கிழிப்பதானாலும் அதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும்.

பார்சலில் இரண்டு துண்டு, தலையணை உறை, காலுறை, இருமல் மருந்து எல்லாம் இருக்கிறது. உன் அப்பா கட்டிய பார்சலை நான் பிரித்துத் திரும்பவும் கட்டினேன். அவர் கட்டினால் தபால்காரர் கைக்கு வருவதற்குள் துண்டு தனியாக நடந்து போயிருக்கும்.

பரீட்சை முடிவு வந்த அன்று நான் பேசியதைத் திரும்பப் பேசப் போவதில்லை, மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. எல்லாப் பாடத்திலும் பாஸாகிவிட்டுக் கணக்கில் மட்டும் கோட்டை விட்டவளைப் பார்த்து எந்த அம்மாவுக்கும் வாய் சும்மா இருக்காது. உன் மூன்று கதைப் புத்தகங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டியதும் சரிதான். காலத்தில் பின்னால் போய் வருகிற பொண்ணு கதையாம். பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் முன்னால் போகத் தெரியவில்லை, பின்னால் எங்கே போகிறது?

ஆனால் ஒன்று. எதிராளி யாரென்று தெரியாமல் சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது. டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் இப்போது ஒரு பல் டாக்டர் வண்டி பழகுகிறார். நல்ல மனுஷி, ஆனால் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு ஆகட்டும் என்று உன் சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துப் போனேன்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே குருவி என்று ஒரு பொண்ணு, பத்தொன்பது வயது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் சாமான் ஏற்றும் லிஃப்ட்டில் ஏறினால் பழைய வருஷத்தில் போய் இறங்குகிறாள். யாரும் யாரையும் அறிமுகம் செய்வதில்லை. எழுதியவருக்கு அடிப்படை மரியாதை தெரியவில்லை. ஆனாலும் கடைசியில் லிஃப்ட் அறுந்து விழப் போகிறது, உள்ளே பழைய காலத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள். இவள் கதவைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறாள். டாக்டர் வந்து கண்ணாடியைத் தட்டியதே எனக்குக் கேட்கவில்லை.

ஒரு கேள்வி. அவளுக்குக் கடைசியாக ஒரு தடவை போய் வர வழி இருந்ததே, அவள் ஏன் தனக்காகப் போகவில்லை? நேரம் கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டால் கணக்குப் போடு.

அம்மா

ஜூலை 16

அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. காலுறை சின்னது. எனக்குக் கால் வளர்ந்து வருஷம் ஒன்றாகிறது.

நீ படித்தது மூன்றாம் பாகம். நீலம் முதல், மஞ்சள் இரண்டு, சிவப்பு மூன்று. யாராவது சிவப்பில் தொடங்குவார்களா? முதுகில் எண் போடாதது பதிப்பகத்தின் தப்பு என்றால், பின்னட்டையைக்கூடப் பார்க்காதது உன் தப்பு. முழுக் கதையின் உயிரே கடைசி முடிவில்தான் இருக்கிறது. நான் அதைத் தெரிந்துகொள்ள எட்டு மாதம் காத்திருந்தேன், நீ அதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டாய். தயவுசெய்து அப்படியே மூடி வைத்துவிட்டு நீலத்திலிருந்து வா. உன் கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

என் புத்தகத்தைப் பூட்டிவிட்டு நீயே திருட்டுத்தனமாக எடுத்துப் படிப்பது எப்படி இருக்கிறது என்றும் எழுது.

இதையெல்லாம் ஏன் படிக்கிறாய் என்று அன்றைக்குக் கத்தினாயே, பதில் சொல்ல விட்டாயா? இப்போது சொல்கிறேன். பெரியவர்கள் எல்லோரும் எங்களிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள். இந்த வருஷம்தான் வாழ்க்கை, இந்தப் பரீட்சைதான் வாழ்க்கை, இந்த ஒரு நாளைக் கோட்டை விட்டால் அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து இதே பாட்டு. அப்படியானால் அந்த ஒரு நாளுக்குத் திரும்பிப் போகிற பொண்ணு கதையை நாங்கள் படிக்காமல் வேறு யார் படிப்பார்கள்? ஓய்வு பெற்றவர்களா? அவர்களுக்கு நினைத்துப் பார்க்க ஆயிரம் நாள் இருக்கிறது. எங்களுக்கு நீங்கள் கொடுத்தது ஒரே நாள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கதைகளில் நடக்கப் போவது அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பெரியவர்கூட அவளை நம்புவதில்லை. ஆனாலும் அவள்தான் சரி. நம் வீட்டில் அப்படி ஒரு நாள் நடக்குமா என்று நினைத்துக்கொண்டே படிப்பேன்.

கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ சொல்லித்தான் போட வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
உன் மகள்

ஜூலை 25

பாப்புவுக்கு,

தொடங்கியதைப் பாதியில் போட்டுவிட்டு முதலிலிருந்து வருகிற ஆள் நான் இல்லை. பின்னால் போகிற கதை என்றால் பின்னாலிருந்துதான் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் ரிவர்ஸ் எடுக்கத்தான் சொல்லிக் கொடுப்பேன், உனக்குத் தெரியும். ஓனர் தலையில் அடித்துக்கொள்வார். முன்னால் போக யாராலும் முடியும். பின்னால் எடுக்கத் தெரிந்துவிட்டால் வண்டி நம் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடும். இந்த டிரைவிங் ஸ்கூலில் முதல் பெண் பயிற்சியாளர் நான், இன்றைக்கு வரை பெண்களெல்லாம் என் வண்டியைத்தான் கேட்டு வருகிறார்கள். என் வழியை யாருக்காகவும் மாற்றிக்கொண்டதில்லை. உன் குருவிக்காக மாற்றுவேனா?

ஆகவே மஞ்சள் புத்தகத்தை எடுத்தேன். இதில் குருவிக்கு வயது பதினேழு. லிஃப்ட்டில் போய் இறங்கினால் எதிரே அவள் அம்மா நிற்கிறாள், அவளும் பதினேழு வயதுப் பொண்ணாக. பெற்ற தாய் என்று தெரிந்தும் இவள் அவளை "வாடி, போடி" என்று கூப்பிடுகிறாள். பிள்ளைகளெல்லாம் இதற்குத்தான் இதைப் படிக்கிறீர்களா? அம்மாவை ஒரு தடவையாவது சம வயதில் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று?

ஆனால் அந்தப் பொண்ணை, அதாவது அந்த அம்மாவை, எனக்குப் பிடித்துவிட்டது. மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரே தன்னை அண்ணாந்து பார்க்கப் போகிறது என்று சொல்கிறாளே, அந்த இடம். எனக்கும் அந்த வயதில் அதே திமிர். லாரி ஓட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீயும் ஏதாவது கேட்பாய் என்று பயம்தான்.

பல் டாக்டர் மூன்றாவது தடவையாக லைசென்ஸ் டெஸ்ட்டில் தோற்றுவிட்டார். ரிவர்ஸில் கம்பத்தைத் தட்டிவிட்டார். வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற மனுஷி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதால் பார்க்க முடியவில்லை. "பரவால்ல டாக்டர், ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது, அடுத்த மாசம் எடுத்துரலாம்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இது என் பையன் படிக்கிறதாச்சே" என்றார். எதிரி பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லி வைத்தேன்.

சரியான அளவில் காலுறை வைத்திருக்கிறேன். செப்டம்பரில் உங்களுக்கு ஒரு வாரம் லீவாமே. அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா

ஆகஸ்ட் 5

அம்மாவுக்கு,

நேற்று அப்பா ஃபோன் செய்தார். அவர் என்றால் நான் வந்து பேசுவேன். சாப்பாடு, தண்ணீர், கொசு எல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் இப்படிச் சொன்னார்: "லீவுக்கு வரும்போது ஒரே ஒரு விஷயம்மா. நீ காலேஜ்ல சேந்துட்டேன்னு உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா. யாராச்சும் கேட்டா சும்மா தலையாட்டிடு." வருகிற வழியில் பால் வாங்கிக்கொண்டு வா என்று சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கதைப் புத்தகம் என் மூளையைக் கெடுத்தது என்றாய். நீ அதற்கு முன்பே வீட்டில் ஒரு லிஃப்ட் கட்டி வைத்திருக்கிறாய். அதில் ஏறிப் போய்ப் பரீட்சை நாளைச் சரிசெய்து, பாஸான ஒரு பொண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய். அவள் எப்படி இருக்கிறாள்? என் அறையில்தான் படுத்துக்கொள்கிறாளா? அவளுக்குக் காலுறை சரியாக இருக்கும், அவளுக்காகத்தான் வாங்கியிருப்பாய். எந்தப் பாடம் எடுத்திருக்கிறாள்? எனக்குச் சொல்லி வை, தலையாட்டுவதற்கு அதுவாவது தெரிய வேண்டும்.

ஒரு டாக்டர் மூன்று தடவை தோற்றால் ரோடு ஓடிப் போகாது. டீ வேறு கிடைக்கும். நான் ஒரு தடவை தோற்றேன், எனக்கு வீடே ஓடிப் போய்விட்டது. நீ அந்த டாக்டரிடம் சொன்னதை நான் பலமுறை படித்தேன். அவ்வளவு அழகாகப் பேச உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

முதல் பாகத்தில் ஒரு விதி வரும். நீ இன்னும் படிக்கவில்லை, அதனால் சொல்கிறேன். ஒரே காலத்தில் ஒருத்தி இரண்டு பேராக இருக்க முடியாது. ஒருத்தி வந்து சேர்ந்தால் மற்றவள் போய்விட வேண்டும். நான் இருக்கிற இடத்தில் வேறொருத்தியை வைத்துவிட்டு என்னையும் வரச் சொல்கிறாய்.

அவள் இருக்கிற வரை நான் வீட்டுக்கு வரமாட்டேன். லீவுக்கும் வரமாட்டேன், பரீட்சை முடிந்தும் வரமாட்டேன். கணக்கில் நான் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சரி.

இப்படிக்கு,
கணக்கில் தோற்றவள்

ஆகஸ்ட் 13

பாப்புவுக்கு,

உன் கடிதம் வந்தது. பெரிய எழுத்தாளர் மாதிரிதான் எழுதியிருக்கிறாய்.

எப்படி நடந்தது என்று கேட்டுக்கொள். முடிவு வந்த மறுநாள் ஆபீசில் ஓனர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார், அவர் பையன் பாஸானதற்கு. "உங்க பொண்ணு எந்த காலேஜ்?" என்று கேட்டார். பாஸா என்றுகூடக் கேட்கவில்லை, நேரே எந்த காலேஜ் என்று. பத்து வருஷமாக உன்னைப் பற்றி நான் அந்த இடத்தில் அப்படிப் பேசி வைத்திருக்கிறேன். வாயில் ஒரு கல்லூரியின் பேர் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதற்கு அப்புறம் அதற்குத் தீனி போட வேண்டியதாகிவிட்டது. இப்போது அந்தப் பொண்ணு விடுதியில் இருக்கிறாள், முதல் டெஸ்ட்டில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பல் டாக்டரின் அக்கா மகள் அதே கல்லூரியாம். வகுப்பு வகுப்பாகப் போய்த் தேடுகிறாளாம், அத்தனை பாசம். டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் சிக்னலைப் பாருங்கள் என்று பேச்சை மாற்றுகிறேன்.

நாலு பேர் நடுவில் வேலை செய்கிறவள் நான். கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, நான்தான் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி ஒருத்தன் வாயைத் திறந்து ஐயோ பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். அது உனக்குப் புரியாவிட்டால் விடு.

வராவிட்டால் போ. இருமல் மருந்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடி.

அம்மா

ஆகஸ்ட் 31

பாப்புவுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாதே. நான் நீலப் புத்தகத்தைப் படித்து முடித்தேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற மைதானத்தில், மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு படித்தேன். குருவிக்கு வயது பதினாறு, நீச்சல் போட்டி. பள்ளிக்கூடமே வந்து உட்கார்ந்திருக்கிறது. விசில் ஊதுவதற்கு முன்னால் குதித்துவிடுகிறாள். ஒரே ஒரு நொடி அவசரம். அவளை ஆட்டத்தை விட்டே தூக்கிவிடுகிறார்கள், அவளால் மொத்த அணியும் தோற்றுப் போகிறது. அவள் தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்துக் கூட்டத்தைப் பார்க்கிறாள். அவள் அம்மா எழுந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வாய் விட்டே கத்திவிட்டேன். "உட்காருடி. அவ யாருன்னு தெரியுமா உனக்கு?" பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

ஏனென்றால் எனக்குத் தெரியும் பாப்பு. நான் மூன்றாம் பாகத்திலிருந்து வருகிறவள். அந்த லிஃப்ட் கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு நின்றவளை நான் முதலில் பார்த்துவிட்டேன். அதனால் அவள் தோற்ற இடத்தில் எனக்குக் கவலையே வரவில்லை. என்னவோ அவளை நானே பெற்ற மாதிரி பெருமையாக இருந்தது, இவள்தான் அவள் என்று. முதலிலிருந்து ஒழுங்காகப் படித்திருந்தால் நானும் அந்த அம்மா பின்னாலேயே எழுந்து போயிருப்பேன். அவளைத் தப்பு சொல்ல முடியாது, அவள் கையில் முதல் பாகம் மட்டும்தான் இருந்தது.

என் கையிலும் முதல் பாகம் மட்டும்தான் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் அது உண்மை இல்லை. முடிவு வந்த அன்று அத்தனை பேச்சு வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் நீயாகவே வந்து "நான் திரும்ப எழுதறேன்" என்றாய். விடுதியில் சேர்த்தது நான், அதைச் சொன்னது நீ. நீயே பெட்டியைக் கட்டினாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸில் ஏறினாய். முதுகு நேராக இருந்தது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அந்த நேரத்தில் அதைச் சொல்லத் தெரியாமல் "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்டவள் இருக்கும்போது நான் ஏன் இன்னொருத்தியைக் கூட்டி வந்தேன்? அவள் கல்லூரியில் படிக்கிறாளே தவிர அவளைப் பற்றிச் சொல்ல ஒரு சங்கதி கிடையாது. அவளுக்குக் கோபம்கூட வராது.

நேற்று டாக்டருக்கு வகுப்பு. பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ரெண்டு பேரும் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், அதனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். "டாக்டர், என் பொண்ணு காலேஜ்ல இல்ல. கணக்குல ஃபெயில். வெளியூர் டுடோரியல்ல தங்கித் திரும்ப எழுதப் போறா."

வண்டி நடு ரோட்டில் குலுங்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து நாலு ஹார்ன். என் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கிளட்ச், டாக்டர், கிளட்ச்" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பி ஓரமாக நிறுத்தினார். அப்புறம், "அப்ப எங்க அக்கா பொண்ணு ரெண்டு மாசமா யாரைத் தேடிக்கிட்டு இருக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, நான் ஃபெயிலானா அவ்வளவு நல்லாப் பேசுறீங்க. அவகிட்ட மட்டும் என்னங்க?" என்று கேட்டார். நீ கேட்ட அதே கேள்வி. உனக்கு எழுதாத பதிலை அவருக்குச் சொன்னேன். மற்றவர்கள் தோற்றால் எனக்கு வலிக்காது டாக்டர், அதனால் நன்றாகப் பேச முடிகிறது.

அந்தக் காலேஜ் பொண்ணு போய்விட்டாள். லீவு பதினேழாம் தேதி தொடங்குகிறது என்று அப்பா சொன்னார்.

அம்மா

செப்டம்பர் 8

அம்மா,

உன் கடிதங்களை இங்கே என் அறையில் இருக்கிற எல்லோரும் படிக்கிறார்கள். கோபப்படாதே. முதல் கடிதத்தை ஒருத்தி தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டாள், அதற்கப்புறம் தடுக்க முடியவில்லை. பார்சல் வந்தால் துண்டை யாரும் பார்ப்பதில்லை, "அம்மா அடுத்து எதைப் படிச்சாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நீ வண்டிக்குள் கத்தின இடத்தைக் குட்டச்சி என்று ஒருத்தி நடித்தே காட்டினாள். வார்டனே கதவோரம் நின்று கேட்டார்.

உன் போன கடிதத்தைப் படித்த அன்று ஒரு விஷயம் தெரிந்தது. அவரவர் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறபடி பார்த்தால் இங்கே யாருமே இந்த விடுதியில் இல்லையாம். குட்டச்சி, அவள் ஊராரைக் கேட்டால், கம்ப்யூட்டர் பயிற்சியில் இருக்கிறாள். மேல் கட்டில்காரிக்கு மஞ்சள் காமாலை, மாமா வீட்டில் படுத்திருக்கிறாள். ஒருத்திக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்து விசாவுக்குக் காத்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் ஒரு லிஃப்ட் இருக்கிறது அம்மா. கதைப் புத்தகம் கொண்டு வரக் கூடாது என்று இங்கே விதி. ஆனாலும் இந்த மாதிரிக் கதை இல்லாத பெட்டியே கிடையாது. ஏன் என்று இப்போது எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. திரும்பிப் போய் மாற்றுவதற்காக நாங்கள் அதைப் படிக்கவில்லை. திரும்பிப் போனவளை ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒருத்தர் கடைசியில் அடையாளம் கண்டுவிடுகிறார், எந்த வருஷத்தில் இறங்கினாலும் சரி. அந்த இடத்துக்காகப் படிக்கிறோம்.

உன் முதல் கேள்விக்குப் பதில் உனக்கே கிடைத்திருக்கும். குருவி தனக்காகக் கடைசியாக ஒரு தடவை போகவில்லை, ஏனென்றால் அந்தத் தப்பான குதிப்பு இல்லாவிட்டால் அவள் அந்த லிஃப்ட் பக்கமே போயிருக்கமாட்டாள். அந்தப் பிள்ளைகளை யார் வெளியே எடுப்பது? நான் அப்படிப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் கணக்கு வருகிறது. சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். போன வாரம் மாதிரித் தேர்வுக்கு முன்னால் குட்டச்சிக்கு வராத கணக்கையெல்லாம் நான்தான் உட்காரவைத்துப் புரியவைத்தேன். அவள் பாஸ். நானும்தான். பரீட்சையில் என்ன ஆகும் என்று தெரியாது, மூன்றாம் பாகம் என் கையில் இல்லை.

பெருமையாக இருந்தது என்று எழுதியிருந்தாய். அதை நான் யாருக்கும் படிக்கக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தேன்.

ஆனால் டாக்டரிடம் சொன்னது போதாது அம்மா. ஓடுகிற வண்டியில், முகத்தைப் பார்க்காமல், ஒரே ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொண்ணு உன் ஆபீசில்தான் பிறந்தாள், அங்கே இன்னும் நன்றாகத்தான் இருப்பாள். ஓனருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

பதினேழாம் தேதி வருகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. நான் பெட்டியோடு நேரே டிரைவிங் ஸ்கூலுக்கே வந்துவிடுகிறேன், சாயங்காலம் எல்லா வண்டியும் திரும்பி வந்து நீங்கள் எல்லோரும் டீ குடிக்கிற நேரத்துக்கு. நான் யாரென்று நீ சொல்ல வேண்டும். கணக்கையும் சேர்த்துத்தான். நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

உனக்கு முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு. நான் கோபப்படமாட்டேன், ஆனால் வரவும் மாட்டேன்.

பாப்பு

செப்டம்பர் 12

பாப்புவுக்கு,

வா.

ஓனரிடம் பதினேழாம் தேதி சாயங்காலம் யாரும் சீக்கிரம் கிளம்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "என்ன விசேஷம்?" என்றார். "என் பொண்ணு வர்றா" என்றேன். "அட, காலேஜ்ல லீவா?" என்றார். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டாய், அதனால் விழுங்கிக்கொண்டேன். டாக்டருக்கு அன்றைக்கு வகுப்பு கிடையாது, ஆனாலும் வருவேன் என்கிறார். நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

என்ன பேசுவது என்று மூன்று நாளாக வண்டியில் தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். தோற்றது, மறுநாளே எழுந்து நின்றது, குட்டச்சிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை. ஓனர் முகம் எப்படி மாறினாலும் கண்ணைத் தாழ்த்தாமல் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் "இவ என் பொண்ணு" என்று தொடங்குகிறேனா, அதற்கு மேல் ஒரு வார்த்தை வெளியே வரமாட்டேன் என்கிறது. பயத்தினால் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் அங்கே அப்படி நின்றுவிட்டால் கணக்கை நீ சொல்லிவிடு.

அம்மா